'இது நம்ம கொழுக்கட்டைப் புல்லாச்சே அம்மிணி!' - அப்பாருவின் கொறங்காடும், வீட்டில் சொல்லாத ஒரு கணக்கும்

"அமெரிக்காவுல குடும்பப் பண்ணைகள்ல, மண்ணைக் கெடுக்காம, இறைச்சிக்கு மாடு வளர்க்குறாங்களாம். அதைப் பத்தி ஒரு ஸ்டோரி பண்ணுங்க. 400 வார்த்தை போதும். ஆறு மணிக்குள்ள வேணும்."

பங்குனி மாதத்து மதிய ஷிஃப்ட்டில் எடிட்டர் எனக்குக் கொடுத்த வேலை இது. டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் தங்கம் விலை, பதினொரு மணிக்கு ராசிபலன், மதியம் டெக்சாஸ் மாடு என்று ஒரே நாளில் உலகத்தைச் சுற்றி வந்துவிடுவோம்.

உட்கார்ந்து படித்தேன். சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. அமெரிக்க மாட்டிறைச்சி என்றதும் ஆயிரக்கணக்கான மாடுகள் அடைந்து கிடக்கும் கொட்டடிதான் என் கண்ணில் வரும். ஆனால், அங்கே கன்றுகள் பிறப்பது பெரும்பாலும் குடும்பங்கள் நடத்தும் மேய்ச்சல் பண்ணைகளில். ஒரு பண்ணையில் சராசரியாக 40 சொச்சம் தாய்ப்பசுக்கள்தான் இருக்கின்றன. நல்ல பண்ணைக்காரர்கள் மேய்ச்சல் நிலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, சூரியசக்தி மின்வேலி போட்டு, சில நாள்களுக்கு ஒருமுறை மாடுகளை அடுத்த துண்டுக்கு மாற்றுகிறார்கள். மேய்ந்த துண்டு ஓய்வெடுக்கிறது.

'பாதி மேயட்டும், பாதி நிற்கட்டும்' என்பது அங்கே தலைமுறைகளாகப் புழங்கும் விதி. இதற்கு அறிவியல் காரணமும் உண்டு. க்ரைடர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1955-ல் வெளியிட்ட ஆய்வில், புல்லின் தழையில் பாதி வரை வெட்டினால் வேர் கிட்டத்தட்ட வழக்கம்போல வளர்வதையும், 80 சதவிகிதம் வெட்டினால் வேர் வளர்ச்சி சில நாள்களுக்கு நின்றேபோவதையும் காட்டினார். மாடு மேலே கடிப்பதன் விளைவு, மண்ணுக்குள்ளே நமக்குத் தெரியாமல் நடக்கிறது.

இதையெல்லாம் எழுதி, தெற்கு டெக்சாஸ் பண்ணை ஒன்றின் படத்தையும் வைத்து ஐந்தே முக்காலுக்கு அனுப்பிவிட்டேன். முழங்கால் உயரப் புல்லில் நிற்கும் மாடுகள், பின்னால் சாயங்கால வெயில். "சூப்பர்" என்றார் எடிட்டர். வழக்கம்போல எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் லிங்க்கைப் போட்டேன்.

இரவு ஒன்பது மணிக்கு அண்ணன் போனிலிருந்து அப்பாருவின் குரல் வந்தது. கொங்கு நாட்டில் அப்பாவின் அப்பாவை 'அப்பாரு' என்போம். 78 வயது.

"அம்மிணி, படம் பார்த்தனுங் கண்ணு. இது நம்ம கொழுக்கட்டைப் புல்லாச்சே! எந்த ஊரு இது? மூலனூர்ப் பக்கமா?"

சிரித்துவிட்டேன். "அது அமெரிக்காங்க அப்பாரு" என்று பதில் அனுப்பிவிட்டு, சும்மா கூகுளில் தேடினேன். சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்பாரு சொன்னது சரி. கொழுக்கட்டைப் புல்லை அங்கே 'பஃபல் கிராஸ்' என்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் நம் பக்கத்திலும் இயற்கையாக வளரும் இந்தப் புல்லின் விதையை, 1940-களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோய் டெக்சாஸ் மேய்ச்சல் நிலங்களில் பரப்பினார்கள். மழை இல்லாத ஊரில் மாடு வளர்க்க இதைவிட நல்ல புல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அளவில்லாமல் பரவிய அரிசோனாவில், காட்டுத்தீயை மூட்டிப் பாலைவனக் கள்ளிகளை அழிக்கிறது என்று தன்னார்வலர்கள் கூட்டமாகப் போய் இதே புல்லை வேரோடு பிடுங்குகிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்த ஊரின் புல் அது. அதைப் படத்தில் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. செல்போன் திரையில் விரலகலத்துக்குப் பார்த்த அப்பாருவுக்குத் தெரிந்துவிட்டது.

கொறங்காடு என்றொரு பாடம்

சித்திரையில் நான்கு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவே எங்கள் ஊர். இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருடத்தில் பாதி நாள் வீசும், மழை மட்டும் வராது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால்தான் உண்டு. கிணறு வெட்டினாலும் எல்லாருக்கும் தண்ணீர் கிடைக்காது. இந்த மண்ணில் எங்கள் முன்னோர் கண்டுபிடித்த வழிதான் கொறங்காடு.

கொறங்காடு என்றால் தானாக வளர்ந்த காடு இல்லை. சொந்தப் பட்டா நிலத்தில், மாட்டுக்கென்றே விட்டு வைத்த மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை முள் வேலி. கிளுவைக் குச்சியை மழைக்காலத்தில் நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். ஒரு தலைமுறை வைத்த வேலி அடுத்த தலைமுறைக்கும் நிற்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். இரண்டு காடுகளின் வேலிகளுக்கு இடையே இட்டேறி என்ற வண்டிப்பாதை. காங்கேயம் மாடு இந்தக் காட்டில் வளர்ந்த மாடு.

எங்களுக்கு 12 ஏக்கர். அதை அப்பாரு நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார். டெக்சாஸ்காரர் மின்வேலி போட்டுப் பிரித்ததை, இவர் கிளுவை நட்டுப் பிரித்திருக்கிறார். கரன்ட் பில் கிடையாது.

மறுநாள் காலையில் அவருடன் காட்டுக்குள் நடந்தேன். இருபத்து நான்கு வருடமாகப் பார்த்த இடத்தை அன்றுதான் ஒரு நிருபராகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கையில் நோட்டு, பேனா. அப்பாருவுக்கு ஒரே சிரிப்பு.

"ஒரு காட்டைத் தின்னு முடிக்கறதுக்கு முன்னாடியே மாட்டை அடுத்த காட்டுக்கு ஓட்டிப் போடோணும். புல்லு மொட்டையடிச்சாப்புல ஆகக் கூடாது. முதல்ல மாடு, அது மேஞ்சு வந்தப்புறம் ஆடு. ஆட்டை முதல்ல உட்டா மாட்டுக்கு வாய் வெக்க எடம் இருக்காது."

"எப்போ மறுபடியும் இந்தக் காட்டுக்கு விடுவீங்க?"

"மழை பேஞ்சு, புல்லு கதிர் உட்டு, விதை விழோணும். அதுக்கப்புறந்தான் கடவு தொறப்பேன். விதை விழாத காட்டுல மாட்டை உட்டா அது கடன் வாங்கித் திங்கற மாதிரி."

க்ரைடர் ஆய்வு செய்து சொன்னதை அப்பாரு கடன் கணக்காகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

மாடுகள் ராத்திரியும் காட்டிலேயே கிடக்கின்றன. சாணி விழுந்த இடத்திலேயே உரமாகிறது. அள்ளுவதற்கும் கொட்டுவதற்கும் ஆள் வேண்டாம். வெயில் காலத்தில் புல் காய்ந்து நின்றாலும் மாடு தின்கிறது. அப்போது வெள்வேல மரத்தின் காய்களும் கைகொடுக்கும். குடிப்பதற்குக் கல்தொட்டியில் தண்ணீர். பருவம் தப்பினால் கொஞ்சம் சோளத்தட்டு. கடையில் வாங்கும் தீவனம் என்று பார்த்தால் கன்று ஈன்ற மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும்தான்.

இதில் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது ஒரே ஒரு விதி. அப்பாரு அதைப் போகிறபோக்கில் சொன்னார்.

"மாட்டை எண்ணிட்டு மேச்சல் தேடக் கூடாது அம்மிணி. மேச்சலை எண்ணிட்டு மாடு வெக்கோணும். இந்தக் காட்டுக்கு ஆறு மாடு, இருபது ஆடு. ஏழாவது மாடு வந்தா ஒண்ணு வெளிய போயாகோணும்."

நோட்டில் அதையும் எழுதினேன். 'வெளிய போயாகோணும்' என்ற இடத்தில் பேனா நின்றது. எங்கே போகும்?

கட்டுத்தரையில் தொங்கிய கயிறுகள்

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குபவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிறு வீட்டிலேயே இருக்கும். எங்கள் கட்டுத்தரையின் விட்டத்தில் அப்படி ஏழெட்டுக் கயிறுகள் தொங்குகின்றன. அதில் ஒன்றில் சின்னப் பித்தளை மணி இருக்கும். அது செம்பியின் கயிறு.

காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது பிறந்த கிடாரிக் கன்றுக்கு, அதன் நிறம் மாறும் என்று தெரியாமல் 'செம்பி' என்று பெயர் வைத்தேன். நிறம் மாறியது, பெயர் மாறவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு இட்டேறியில் வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் கூடவே நடந்து வரும்.

டிகிரி முடித்து, ஜர்னலிசம் டிப்ளமோவுக்குச் சேர்ந்த வருடம் தீபாவளிக்கு வந்தபோது செம்பி இல்லை. "மூலனூர்ல ஒறம்பரை வீட்டுக்குக் குடுத்துட்டோம், அங்க கன்னுக்குட்டிகளோட நல்லா இருக்குது" என்றார் ஆத்தா. நம்பினேன் என்று சொல்வதைவிட, மேற்கொண்டு கேட்கவில்லை என்று சொல்வதுதான் சரி. அந்த உறவுக்காரர்களை அதற்குப் பிறகு இரண்டு கல்யாணங்களில் பார்த்தேன். மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று காட்டிலிருந்து திரும்பி, கட்டுத்தரைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"ஏனுங்க அப்பாரு, செம்பி எங்க போச்சு?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலைப் பையைத் திறந்து, மூடினார்.

"பதினாலு வயசாயிருச்சு கண்ணு. மூணு தடவை காளைக்கு உட்டும் சினை நிக்கலை. பொள்ளாச்சிக்குப் போற யாவாரி வந்தான். குடுத்துட்டேன்."

பொள்ளாச்சி என்றால் எங்கள் பக்கம் அர்த்தம் வேறு. செவ்வாயும் வியாழனும் கூடும் பொள்ளாச்சி சந்தை வழியாகத்தான் வயதான மாடுகள் கேரளாவுக்குப் போகின்றன.

"பொய் சொன்னது தப்புதான். ஆனா, அந்த மாசந்தான் உன்ற காலேஜ்ல முதல் தவணை கட்டோணும்னு போன் வந்துச்சு."

22,000 ரூபாய். என் டிப்ளமோவின் முதல் தவணையில் பெரும்பகுதி செம்பி.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. என் டெக்சாஸ் கட்டுரைதான் ஞாபகம் வந்தது. மாட்டிறைச்சியைப் பற்றி 400 வார்த்தை எழுதியிருந்தேன். அதில் புல் இருந்தது, வேர் இருந்தது, மின்வேலி இருந்தது, சாயங்கால வெயில் இருந்தது. ஒரு மாடுகூடச் சாகவில்லை.

பாதிக் கணக்கு

விட்டுப்போனதை இங்கே எழுதிவிடுகிறேன். அமெரிக்கப் பண்ணைகளில் புல்லில் வளரும் கன்றுகளில் பெரும்பாலானவை, கடைசி நாலைந்து மாதம் கொட்டடிக்குப் போய் மக்காச்சோளம் தின்று எடை ஏறுகின்றன. ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு வயதில் வெட்டப்படுகின்றன. கடைசிவரை புல்லிலேயே வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால், அவர்களுக்கும் வருமானம் வருவது புல்லிலிருந்து அல்ல, அந்தக் கடைசி நாளிலிருந்துதான்.

புல் மேய்ந்த மாடு என்றால் பூமிக்குப் பாரமே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். மாட்டின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் புல்லைச் செரிக்கும்போது மீத்தேன் உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வெளியே வருகிறது. மனிதர்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் 14.5 சதவிகிதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருவதாக ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண் நிறுவனம் 2013-ல் கணக்கிட்டது. புல்லில் மெதுவாக வளரும் மாடு அதிக நாள் வாழ்கிறது, அதிக நாள் ஏப்பம் விடுகிறது. மேய்ச்சலை ஒழுங்காக நடத்தினால் மண் பிழைக்கும், புல் பிழைக்கும், வறட்சியைத் தாங்கலாம். ஏப்பத்தை நிறுத்த முடியாது. அதனால்தான் மேய்ச்சலுக்கு மேல் ஒரு மாடுகூட வைக்கக் கூடாது என்ற அப்பாருவின் விதி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த விதியின் மறுபாதிதான் விற்பனை. காங்கேயம் பசு ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர் பால் கொடுத்தால் பெரிது. அது பாலுக்கான மாடு அல்ல, உழைப்புக்கான மாடு. கவலை இறைத்த காலம் போய், ஏரும் வண்டியும் போய், டிராக்டர் வந்த பிறகு காளைக் கன்றுக்கு வேலை இல்லை. கன்று விற்பதும், ஆடு விற்பதும், வயதான மாட்டை விற்பதும்தான் கொறங்காட்டின் வரவு. வயதான மாடு காட்டிலேயே நின்றால் அடுத்து வரும் கன்றுக்குப் புல் இல்லை. கன்று இல்லை என்றால் காட்டை வைத்திருக்கக் காரணம் இல்லை. எங்கள் காட்டுக்குக் கிழக்கே இருந்தது காற்றாலைக்குப் போய்விட்டது. அதற்கு அடுத்தது வீட்டுமனைக்காகக் கல் நட்டுக் கிடக்கிறது. கிளுவை வேலியை ஜே.சி.பி. வைத்து ஒரே காலையில் பிடுங்கினார்கள்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடே தெருவுக்கு வந்தது. எங்கு பார்த்தாலும் காங்கேயம் காளையின் படம். பதினாறு வயதில் நானும் அந்த டி-ஷர்ட் போட்டேன். அதே வருடம் மே மாதம், இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. முந்தைய மழைக்காலம் பொய்த்து, காட்டில் புல்லே இல்லாத கோடை அது. "காளையைக் காப்பாத்தோணும்னு அத்தனை பேர் வந்தாங்க. மாட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு கேக்க யாரும் வரலை" என்று அப்பாரு சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை. டி-ஷர்ட்டை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

'வளத்ததைத் திங்க முடியாதுங்க'

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அம்மாவின் முகம் மாறும். ஊருக்குத் தெற்கே இருக்கும் குடியிருப்பில் அதைச் சாப்பிடுவார்கள் என்பதை எங்கள் வளவில் ஒரு குறையாகத்தான் பேசுவார்கள். அதைச் சொல்லித்தான் அவர்களைத் திண்ணைக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தோம். அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர்தான் முப்பது வருடம் எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொண்டவர். செம்பி பிறந்த ராத்திரி கன்றை இழுத்துப் போட்டவரும் அவர்தான். அப்பாருவைவிட நாலைந்து வயதுதான் இளையவர். சின்ன வயதில் அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் என்னை 'சின்னம்மிணி' என்பார்.

மூன்றாம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். "நல்லா இருக்கீங்களாங்க ஐயா?" என்றேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "அதென்ன புதுசா ஐயா!" என்று சிரித்தார். வெளியே கயிற்றுக்கட்டில் போட்டு உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டே பேசினார். நீங்களும் உட்காருங்கள் என்று மூன்று முறை சொன்ன பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார்.

செம்பியைப் பற்றிக் கேட்டேன்.

"வண்டியில ஏத்துனதே நான்தானுங்களே. ஏற மாட்டேன்னுச்சு. நான் முன்னாடி ஏறிக் கூப்பிட்டேன், அப்புறம் வந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, கேட்கக் கூடாதோ என்ற தயக்கத்துடனேயே அதையும் கேட்டேன்.

"திங்கறமுங்க சின்னம்மிணி, அதுல மறைக்கறதுக்கு என்ன இருக்குது? ஞாயித்துக்கிழமை வாங்கியாந்து ஆக்குவோம். புள்ளைங்களுக்கு அதுதானுங்க கட்டுப்படியாகுது. ஆனா, வளத்ததைத் திங்க முடியாதுங்க. பேரு சொன்னா திரும்பிப் பார்க்கற மாடு அது. செம்பி போன அன்னிக்கு எங்க வீட்டுல சோறே இறங்கலை."

எங்கள் வீட்டில் அன்று சோறு இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. நான் ஹாஸ்டலில் இருந்தேன். திரும்பி வரும்போது ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே வந்தது. அந்த மாட்டின் பணம் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் படிப்பாகவும் ஆனது. பழி மட்டும் தெற்கே போனது. காட்டைக் காப்பாற்றிய பெருமை எங்களுக்கு, கறி தின்கிற பெயர் அவர்களுக்கு. முப்பது வருடம் மாட்டை மேய்த்தவருக்கு அந்தப் பெருமையிலும் பங்கு இல்லை.

துண்டுக்கு அடியில் ஒரு விலை

நான்காம் நாள் காலை, அப்பாரு என்னைக் கூப்பிட்டார். "மயிலையைக் குடுக்கப் போறேன். வர்றியா?"

மயிலை வண்டி எருது. பதினாறு வயது. ஜோடி எருது செத்து மூன்று வருடமாகிறது. பல் தேய்ந்து, காய்ந்த புல்லைக் கடிக்க முடியாமல் நின்றது. தமிழ்நாட்டுச் சட்டப்படி பத்து வயதுக்கு மேற்பட்ட, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத எருதைச் சான்றிதழ் வாங்கி வெட்டலாம். மயிலைக்கு எல்லாத் தகுதியும் இருந்தது.

முன்பெல்லாம் இப்படி விற்கும்போது என்னை எங்காவது அனுப்பிவிடுவார்கள். இப்போது அவராகவே கூப்பிட்டார். போனேன்.

வியாபாரியும் தரகரும் குட்டி யானை வண்டியில் வந்தார்கள். காட்டில் இருந்தது நாங்கள் நாலு பேர்தான். ஆனாலும் பழக்கத்தை விடவில்லை. தரகர் துண்டை எடுத்துத் தன் கையையும் அப்பாருவின் கையையும் மூடிக்கொண்டார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார்கள். அப்பாரு தலையை ஆட்டினார். மறுபடியும் விரல். வியாபாரி வானத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நாம் எதற்கெடுத்தாலும் சொல்கிறோமே, 'அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான்' என்று. பழைய பைக் விற்கும்போது நானே சொல்லியிருக்கிறேன். அன்றுதான் ஒரு உண்மையான அடிமாட்டு விலை பேசப்படுவதை நேரில் பார்த்தேன்.

"பதினெட்டாயிரத்து ஐந்நூறு" என்றார் அப்பாரு, கையைத் துண்டிலிருந்து எடுத்துவிட்டு. எல்லாருக்கும் கேட்கும்படி, என்னைப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் வியாபாரியிடம், "தண்ணி காட்டிட்டு ஏத்துங்க. வழியில வேற மாட்டை நெருக்கி ஏத்தாதீங்க. பொடனியைச் சுத்திக் கட்டாதீங்க, பழக்கமில்லை" என்றார். வியாபாரி சரி என்றார். அதை அவர் செய்வாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால், கேட்டு வாங்குவது விற்பவரின் கடமை என்று அப்பாரு நினைக்கிறார்.

கல்தொட்டியில் மயிலை நிதானமாகத் தண்ணீர் குடித்தது. அப்பாரு அதன் நெற்றியில் கை வைத்து ஏதோ முணுமுணுத்தார். கயிற்றை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். ஈரமாக இருந்தது.

பணத்தில் கொஞ்சத்தை எண்ணித் தனியாக மடித்து, "தெக்க குடுத்துட்டு வா. அவனும் சேர்ந்து வளத்த மாடு" என்றார். இதற்கு முன் இப்படிக் கொடுத்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பி வந்து கட்டுத்தரையில் கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள் ஓடிவந்தாள். யு.கே.ஜி. படிக்கிறாள்.

"அத்தே, மயிலை எங்கே?"

உள்ளேயிருந்து ஆத்தா உடனே குரல் கொடுத்தார். "ஒறம்பரை வீட்டுக்குப் போயிருக்குது சாமி."

அதே வீடு, அதே வாக்கியம். குழந்தை என் முகத்தையே பார்த்தாள்.

"இல்லை கண்ணு" என்றேன். "மயிலைக்கு வயசாயிருச்சு. புல்லுக் கடிக்க முடியலை. கறிக்கு வித்துட்டோம்."

அவள் யோசித்தாள். "அதுக்கு வலிக்குமா?"

"வலிக்கும்னுதான் நினைக்கிறேன்."

"பச்சப் புள்ளகிட்டப் போயி என்னடி பேச்சுப் பேசற?" என்று ஆத்தா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "உடு, தெரியட்டும்" என்றார் ஆத்தாவிடம்.

குழந்தை அன்று சாயங்காலம் வரை என்னிடம் பேசவில்லை. நான் செய்தது சரியா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

போன வாரம் அண்ணன் அனுப்பிய வீடியோவில் அவள் அப்பாருவின் கையைப் பிடித்துக்கொண்டு கொறங்காட்டில் நடக்கிறாள். கோடை மழை ஒன்று பெய்திருக்கிறது. காய்ந்து கிடந்த கொழுக்கட்டைத் தூர்களில் பச்சை எட்டிப் பார்க்கிறது. நான்காவது காட்டின் கடவு சாத்தியிருக்கிறது. "இதை எப்பத் தொறப்பீங்க?" என்று அவள் கேட்கிறாள்.

"விதை விழோணும் சாமி" என்கிறார் அப்பாரு.